கவுண்டி எல்லையில் நிற்கும் நிவாரணம்

2003 பிப்ரவரி 1 காலை, பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்த கொலம்பியா விண்கலம் டெக்சாஸ் வானத்தில் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். கலத்தின் துண்டுகள் கிழக்கு டெக்சாஸின் காடுகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் விழுந்தன. அவற்றைத் தேடிச் சேகரிப்பதற்காக அவசர நிலை அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்புக்குள் வந்த இடங்களில் ஹெண்டர்சன் கவுண்டியும் ஒன்று. அதை வைத்தே அங்கே மாடு வளர்த்தவர்களுக்குப் பின்னால் விவசாயப் பேரிடர் நிவாரணச் செக் வந்தது. மேலிருந்து விழுந்த இரும்பால் ஒரு கன்றுக்குட்டிக்காவது காயம் பட்டதா என்பதற்குச் சான்று எதுவும் தேவைப்படவில்லை.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை. 2002 செப்டம்பரில், கடும் வறட்சியில் தீவனத்துக்கு அல்லாடிய மாட்டுப் பண்ணைக்காரர்களுக்காக அமெரிக்க வேளாண் துறை ஒரு கால்நடை இழப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இறைச்சி மாடு ஒன்றுக்கு 18 டாலர், கறவை மாட்டுக்கு 31.50 டாலர். தலையை எண்ணிப் பணம். நட்டக் கணக்கு கேட்பதில்லை. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் நாடாளுமன்றம் கதவை அகலத் திறந்தது. வறட்சிதான் என்றில்லை, எந்தப் பேரிடருக்காக அறிவிக்கப்பட்ட கவுண்டியாக இருந்தாலும் சரி என்றது. பனிப்புயல், நிலநடுக்கம், விண்கலம் எல்லாம் உள்ளே வந்தன. 2006இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் கணக்குப் பார்த்தபோது, இரண்டு ஆண்டுகளில் செலவான சுமார் 120 கோடி டாலரில் 63.5 கோடி, வறட்சியே இல்லாத அல்லது மிதமான வறட்சி மட்டும் இருந்த பகுதிகளுக்குப் போயிருந்தது தெரிந்தது.

இதை ஊழல் கதையாகச் சொல்லிக் கடந்துபோவது எளிது. அப்படிச் சொன்னால், இன்னொரு ஊரில் மந்தையையே பறிகொடுத்தவருக்கு ஆறு மாதமாக ஒரு காசும் ஏன் வரவில்லை என்பது புரியாமல் போகும். இரண்டும் ஒரே ஏற்பாட்டின் விளைவுகள்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த நிர்வாக அலகு கவுண்டி. நாடு முழுக்க 3,100க்கு மேல் இருக்கின்றன. நம் தாலுகா அளவிலும் உண்டு. இரண்டு மூன்று மாவட்டங்களை உள்ளே வைத்து மூடிவிடலாம் என்ற அளவிலும் உண்டு. தெற்கு டகோட்டாவின் மீட் கவுண்டி ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர், தஞ்சாவூர் மாவட்டத்தைப்போல இரண்டரை மடங்கு. எது விவசாயப் பேரிடர், யார் மனுப் போடலாம் என்பதெல்லாம் பெரும்பாலும் இந்த அலகை வைத்துத்தான் முடிவாகிறது. ஒரு கவுண்டியில் ஏதாவது ஒரு பயிரின் விளைச்சல் 30 சதவீதமாவது விழுந்தால் அதைப் பேரிடர் பகுதியாக வேளாண் அமைச்சர் அறிவிக்கலாம். எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்துக் கவுண்டிகளும் கூடவே சேர்ந்துகொள்ளும். 2012 ஜூலையில் இந்த நடைமுறை சுருக்கப்பட்டு, வறட்சி வரைபடத்தை வைத்தே அறிவித்துவிடலாம் என்றானபோது, 26 மாநிலங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள் ஒரே அடியாகப் பட்டியலில் ஏறின.

அறிவிப்பு வந்துவிட்டால் பணம் வந்துவிட்டது என்று பொருளல்ல. அதனால் நேரடியாகக் கிடைப்பது குறைந்த வட்டிக் கடன்தான். அந்த 2012 கோடையில் வட்டி 3.75 சதவீதத்திலிருந்து 2.25 ஆகக் குறைக்கப்பட்டது, அவ்வளவே. நட்டத்தில் இருப்பவருக்கு இன்னொரு கடன் எவ்வளவு தூரம் உதவும் என்பதைக் கூட்டுறவு வங்கி வாசலில் நின்ற யாரும் சொல்லிவிடுவார்கள்.

கையில் பணமாக வருவது வேறு வழிகளில். அவற்றில் மேய்ச்சல் நிலத்துக்கான திட்டத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய வறட்சித் தணிப்பு மையம் மத்திய அரசுத் துறைகளோடு சேர்ந்து 1999 முதல் ஒவ்வொரு வியாழக்கிழமையும் வறட்சி வரைபடம் ஒன்றை வெளியிடுகிறது. மஞ்சளில் தொடங்கி அடர்சிவப்பு வரை ஐந்து நிறங்கள், ஐந்து படிகள். மழையளவு, மண் ஈரம், ஆற்று நீரோட்டம், செயற்கைக்கோள் படம், ஊரிலிருந்து வரும் தகவல் எல்லாவற்றையும் பார்த்து ஒரு நிபுணர் கோடு வரைகிறார். 2014 சட்டப்படி, மேய்ச்சல் பருவத்தில் ஒரு கவுண்டி எட்டு வாரம் தொடர்ந்து ‘கடும் வறட்சி’ப் படியில் இருந்தால் ஒரு மாதத் தீவனச் செலவில் 60 சதவீதம் கிடைக்கும் என்பது 2025 வரை இருந்த விதி. அதற்கு மேற்பட்ட படிகளை எட்டினால் மூன்று மாதம், நான்கு மாதம், அதிகபட்சம் ஐந்து மாதம் வரை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கவுண்டி முழுவதும் சிவக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கவுண்டியின் ஏதாவது ஒரு பகுதி அந்த நிறத்துக்குள் வந்தால் போதும். மீட் போன்ற பரந்த கவுண்டியில் வடகோடி மூலை காய்ந்தால், ஓரளவு மழை பெய்த தென்கோடிப் பண்ணைக்காரரும் மனுப் போடலாம். வேலிக்கு அந்தப் பக்கம், வேறு கவுண்டியில், அதே மழையை வாங்கிய பக்கத்து நிலத்துக்காரருக்கு ஒன்றும் கிடையாது. வியாழக்கிழமை வரைபடத்தைப் பண்ணைக்காரர்கள் வானிலை அறிக்கையைவிடக் கவனமாகப் பார்ப்பதில் வியப்பில்லை.

அப்படியானால் ஒவ்வொரு பண்ணையாகப் போய்ப் புல்லை அளந்துதானே கொடுக்க வேண்டும்? சொல்லலாம். ஆயிரக்கணக்கான ஏக்கர் மேய்ச்சல் நிலத்தில் எவ்வளவு புல் முளைத்திருக்க வேண்டும், எவ்வளவு முளைத்தது, அதில் மாடு மேய்ந்தது எவ்வளவு என்று அளக்க நான்கைந்து பேர் உள்ள கவுண்டி அலுவலகத்தால் ஆகாது. அளந்து முடிப்பதற்குள் மாட்டை விற்றிருப்பார்கள். பரப்பை வைத்துப் பணம் கொடுப்பது கரடுமுரடான முறைதான்; ஆனால் முன்கூட்டியே எழுதி வைத்த முறை. எத்தனை வாரம் ஆயிற்று, எத்தனை மாதப் பணம் வரும் என்று பண்ணைக்காரரே சுவரில் மாட்டிய நாட்காட்டியைப் பார்த்துச் சொல்லிவிட முடியும். இந்தத் துறையில் இது சிறிய விஷயமல்ல.

சிறிய விஷயமல்ல என்பதை 2013 அக்டோபர் காட்டியது.

அந்த மாதம் 3ஆம் தேதி தொடங்கி மூன்று நாள் அட்லஸ் என்ற பனிப்புயல் தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதியைத் தாக்கியது. இலையுதிர் காலம் பாதிகூட ஆகவில்லை. மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சல் நிலத்திலேயே நின்றன; குளிருக்கான அடர்ந்த முடி அவற்றுக்கு வளர்ந்திருக்கவில்லை. முதலில் மணிக்கணக்கில் குளிர்ந்த மழை பெய்து தோல்வரை நனைத்தது. அதன் மேல் சூறைக்காற்றோடு பனி. பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதியில் சில இடங்களில் நான்கடிக்கு மேல் விழுந்தது. காற்றுக்கு முதுகு காட்டி நடந்த மந்தைகள் வேலிகளைத் தாண்டி மைல் கணக்கில் போய், ஓடைப் பள்ளங்களிலும் வேலி மூலைகளிலும் குவியலாகச் செத்துக் கிடந்தன. பல்லாயிரம் மாடுகள். இறந்தவற்றைப் புதைக்கப் பெரிய குழிகள் வெட்ட வேண்டியிருந்தது.

கால்நடை இறப்புக்கு ஈடு தரும் திட்டம் ஒன்று 2008 விவசாயச் சட்டத்தில் இருந்தது. சந்தை விலையில் 75 சதவீதம். ஆனால் அந்தத் திட்டத்தின் ஆயுள் 2011 செப்டம்பரோடு முடிந்திருந்தது. புதிய விவசாயச் சட்டம் நாடாளுமன்றத்தில் இழுபறியாகக் கிடந்தது. போதாக்குறைக்கு, பட்ஜெட் சண்டையில் மத்திய அரசே அக்டோபர் 1 முதல் கதவடைத்திருந்தது. கவுண்டி அலுவலகத்துக்கு போன் செய்தால் எடுக்க ஆளில்லை. திட்டம் என்றாவது வந்தால் உதவும் என்ற நம்பிக்கையில், செத்த மாட்டை ஒவ்வொன்றாகப் படமெடுங்கள், காது வில்லை எண்ணைக் குறித்து வையுங்கள், உறவினர் அல்லாத ஒருவரைச் சாட்சிக்குக் கூட்டிப் போங்கள் என்று சங்கங்கள் பண்ணைக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. வாரக்கணக்கில் பனியிலும் சேற்றிலும் நடந்து தங்கள் மாட்டைத் தாங்களே எண்ணினார்கள். அந்தக் குளிர்காலத்தை நகர்த்தியது தனியார் நன்கொடையும், வேறு மாநிலத்துக்காரர்கள் ஓட்டி வந்து கொடுத்த சினைக் கிடேரிகளும்தான். சட்டம் 2014 பிப்ரவரியில் நிறைவேறி, ஏப்ரல் 15 முதல் மனு வாங்கினார்கள். 2011 அக்டோபர் வரை பின்னோக்கிப் பொருந்தும் என்று சட்டத்தில் ஒரு வரி இருந்ததால் அட்லஸ் நட்டத்துக்கும் பணம் கிடைத்தது. கூடவே 2012 பெருவறட்சிக்கான நிலுவையும். அந்த வறட்சியில் மந்தையை அடிமாட்டு விலைக்கு விற்று வெளியேறியவர்களுக்கு அது எந்த அளவுக்கு நிவாரணம் என்பது வேறு கேள்வி. அதே சட்டம் இந்தத் திட்டங்களை நிரந்தரமாக்கிவிட்டது. மறுபடி ஒரு அட்லஸ் வந்தால் திட்டம் இல்லை என்ற பேச்சு எழாது.

பயிருக்கு இந்த நிரந்தரம் கிடைக்கவில்லை. அங்கே கதை நீளமானது. ஒரே வாக்குறுதி திரும்பத் திரும்ப மீறப்பட்ட கதை. 1930களின் புழுதிப் புயல்களுக்குப் பின் 1938இல் பயிர்க் காப்பீட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. அது நெடுநாள் சிறிதாகவே இருந்தது. 1973 சட்டம் கோதுமைக்கும் பருத்திக்கும் தீவனத் தானியங்களுக்கும் பிரீமியம் இல்லாமலேயே பேரிடர்ப் பணம் கொடுக்க ஏற்பாடு செய்தது. செலவு எகிறியது. இனி காப்பீடுதான், இனாம் இல்லை என்று 1980இல் சட்டம் வந்தது. எட்டே ஆண்டில், 1988 வறட்சியில், நிவாரணச் சட்டம் ஒன்றில் அதிபர் ரீகன் கையெழுத்திட்டார். 1993 மிசிசிப்பி வெள்ளத்துக்குப் பிறகு 1994இல் மீண்டும் சீர்திருத்தம், மீண்டும் அதே வாக்குறுதி. 2000இல் பிரீமிய மானியம் இன்னும் உயர்ந்தது; இன்று பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் அரசு கட்டுகிறது. இவ்வளவுக்கும் பிறகு தனி நிவாரணச் சட்டங்கள் நின்றபாடில்லை. அடிபட்ட ஊருக்குப் பணம் இல்லை என்று சொல்லிவிட்டுத் தேர்தலுக்குப் போகும் துணிச்சல் எந்தக் கட்சிக்கும் இல்லை. 1990களின் பேரிடர்ப் பணத்தை ஆராய்ந்து 2006இல் வெளிவந்த பொருளாதார ஆய்வு ஒன்று, நாடாளுமன்றத்தில் விவசாய நிதி ஒதுக்கீட்டுத் துணைக்குழுக்களில் உறுப்பினர் உள்ள மாநிலங்களுக்குக் கூடுதல் பணம் போவதைக் கண்டது. யாரும் அதிர்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை.

தனிச் சட்டம் என்றால் நாடாளுமன்றத்தின் நாட்காட்டிதான் விவசாயியின் நாட்காட்டி. 2018 அக்டோபர் 10 அன்று மைக்கேல் புயல் ஃபுளோரிடாவில் கரையேறித் தென்மேற்கு ஜார்ஜியாவின் விவசாயக் கவுண்டிகளை ஊடுருவிச் சென்றது. பருத்தி வெடித்து அறுவடைக்கு நின்ற நேரம். பஞ்சு முழுவதும் மண்ணில். பீக்கன் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. பீக்கன் ஒருவகைக் கொட்டை மரம். புதிதாக நட்டால் ஓரளவு காய்க்கவே ஏழெட்டு ஆண்டாகும். நிவாரண மசோதா 35 நாள் அரசு முடக்கத்திலும், பிறகு புவேர்ட்டோ ரிக்கோ தீவுக்கு எவ்வளவு கொடுப்பது என்ற சண்டையிலும் மாட்டிக்கொண்டது. சட்டமானது 2019 ஜூன் 6. மனு வாங்கத் தொடங்கியது செப்டம்பர் 11. புயல் அடித்துப் பதினொரு மாதம். இடையில் ஒரு விதைப்புப் பருவம் வந்துபோயிற்று. முந்தைய கடன் அடையாமல் வங்கி அடுத்த பயிர்க் கடனை எப்படிக் கொடுக்கும்?

அந்தச் சட்டம் தாமதமானதில் ஒரு விசித்திர நன்மையும் நேர்ந்தது. 2019 மார்ச்சில் மிசௌரி ஆற்றின் கரைகள் உடைந்து அயோவாவின் தென்மேற்கு மூலையில் உள்ள ஃபிரீமாண்ட் கவுண்டிக்குள் வெள்ளம் புகுந்தது. மக்கள்தொகை ஏழாயிரத்தை எட்டாத சிறிய கவுண்டி. வயலில் அப்போது பயிர் இல்லை. நட்டம் குதிரில் இருந்தது. சீனாவோடு நடந்த வர்த்தகச் சண்டையில் சோயா விலை விழுந்திருந்ததால் பலர் விற்காமல் பண்ணையிலேயே எஃகுக் குதிர்களில் சேர்த்து வைத்திருந்தார்கள். அடியில் நீர் ஏறியதும் தானியம் ஊறி உப்பியது. இரும்புத் தகடுகளின் ஆணிகள் தெறித்தன. குதிர்கள் பக்கவாட்டில் கிழிந்து, மஞ்சள் மக்காச்சோளமும் சோயாவும் அழுக்கு நீரில் சரிந்து கிடந்தன. வெள்ளநீர் பட்ட தானியத்தை உணவுக்கோ தீவனத்துக்கோ விற்க முடியாது, அழிக்க வேண்டும்.

பயிர்க் காப்பீடு அறுவடையோடு முடிகிறது. அன்றிருந்த பேரிடர்த் திட்டம் எதிலும் சேமித்த தானியம் என்ற சொல்லே இருக்கவில்லை. அறுவடை செய்து, உலர்த்தி, பத்திரப்படுத்திய ஒரே காரணத்தால் அந்த விளைச்சல் எந்தப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. ஜூனில்தான் சட்டம் வந்தது என்பதால், பண்ணையில் சேமித்த விளைபொருளின் நட்டத்தையும் அதில் நுழைக்க முடிந்தது. மசோதா முந்தைய டிசம்பரிலேயே நிறைவேறியிருந்தால் ஃபிரீமாண்ட் விவசாயிகள் இன்னொரு சட்டத்துக்குக் காத்திருந்திருப்பார்கள்.

இவ்வளவையும் கையாளும் இடம் கவுண்டி அலுவலகம். பண்ணைச் சேவை முகமை என்ற மத்திய நிறுவனத்தின் கிளை அது. ஆனால் அதன் மேல் உள்ளூர் விவசாயிகள் தங்களுக்குள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு குழு உண்டு. 1930களில் அதிபர் ரூஸ்வெல்ட் காலத்தில் வேரூன்றிய ஏற்பாடு. யார் நிலம் எது, எந்த ஆண்டு எந்த ஓடை பெருகியது என்று தெரிந்தவர்கள் முடிவெடுப்பது நல்லதுதானே என்பது நியாயமான எண்ணம். அதே ஆட்களுக்கு யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் தெரிந்திருந்தது.

தென்மாநிலங்களில் இந்தக் குழுக்கள் பல பத்தாண்டுகள் ஏறக்குறைய முழுக்க வெள்ளையர்களால் ஆனவை. கறுப்பின விவசாயியின் மனு மேசையிலேயே கிடக்கும். விதைப்புக் காலம் முடிந்த பிறகு கடன் வரும். பேரிடர்ப் பணத்தில் தொகை குறையும், அல்லது மறுக்கப்படும். புகார் போனால் அதை விசாரிக்க வேண்டிய சிவில் உரிமைப் பிரிவையே வேளாண் துறை 1983இல் கலைத்துவிட்டிருந்தது. வட கரோலினாவைச் சேர்ந்த திமத்தி பிக்ஃபோர்டு என்ற விவசாயியின் பெயரில் 1997இல் தொடுக்கப்பட்ட வழக்கு 1999 ஏப்ரலில் சமரசத்தில் முடிந்தது. 15,000க்கும் மேற்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் தலா 50,000 டாலர், மொத்தம் நூறு கோடி டாலருக்கு மேல். கெடு தவறியவர்களுக்காக 2010இல் இன்னொரு 125 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அதற்குள் நிலத்தை இழந்தவர்களுக்கு நிலம் திரும்பவில்லை. உள்ளூர்க் குழு என்றாலே ஜனநாயகம் என்று கைதட்டுகிறவர்கள் பிக்ஃபோர்டு வழக்கை ஒருமுறை படிப்பது நல்லது.

மோசடி இல்லாமலா என்றால், இருக்கிறது. வட கரோலினாவில் தக்காளிப் பண்ணை ஒன்றில், ஆலங்கட்டி மழை பெய்ததாகக் காட்டப் பனிக்கட்டித் துண்டுகளை வயலில் இறைத்து, செடிகளைக் குச்சியால் அடித்துப் படமெடுத்துக் காப்பீட்டுக் கோரிக்கையோடு அனுப்பினார்கள். உரிமையாளர்கள் சிறைக்குப் போனார்கள். பத்திரிகைக்கு ருசியான கதை. ஆனால் பணம் கூடுதலாகப் போகும் பெரிய வழிகள் சட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. பல திட்டங்களில் ஒருவருக்கு ஆண்டுக்கு 125,000 டாலர் என்று உச்சவரம்பு உண்டு. குடும்பப் பண்ணையைக் கூட்டு நிறுவனமாகப் பதிந்தால், நிர்வாகத்தில் பங்கெடுக்கும் ஒவ்வொரு உறவினருக்கும் தனி உச்சவரம்பு. 2018 விவசாயச் சட்டம் அந்த உறவு வட்டத்தைப் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா பிள்ளைகள், அண்ணன் மகன், அக்காள் மகள் வரை விரித்தது. நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகைக்குப் போட்டி!

2022இல் ஒரு நல்ல முயற்சி நடந்தது. 2020, 2021 நட்டங்களுக்காக ஒதுக்கப்பட்ட 1,000 கோடி டாலரில் பயிருக்கான பகுதியைப் பங்கிட, காப்பீட்டு நிறுவனங்களிடம் ஏற்கெனவே இருந்த தகவலை எடுத்து, நிரப்பிய மனுவையே விவசாயிக்கு அனுப்பினார்கள். கையெழுத்துப் போட்டால் போதும். நூற்றுக்கணக்கான கோடி டாலர் சில மாதங்களில் போய்ச் சேர்ந்தது. காப்பீடு இல்லாதவர்கள், அதாவது பெரும்பாலும் காய்கறி போடுகிற, பல பயிர் கலந்து செய்கிற சிறியவர்கள், இரண்டாம் கட்டத்தில் வருமான வரிக் காகிதங்களோடு மல்லுக்கட்டினார்கள். அடுத்த சுற்றில் துறை கணக்கையே மாற்றியது. கணக்கிட்ட தொகையில் முதல் 2,000 டாலருக்கு முழு விகிதம், பிறகு படிப்படியாகக் குறைந்து, 10,000 டாலருக்கு மேற்பட்ட பகுதிக்குப் பத்தில் ஒன்று. சிறியவர்களுக்குச் சாதகமான இந்த வாய்பாட்டின் மேல் பெரிய பண்ணைகளின் சங்கங்கள் பாய்ந்தன. நட்டம் பெரிதானால் விகிதம் சிறிதாவது என்ன நியாயம் என்று கேட்டார்கள். காப்பீட்டு மானியமும் ஏக்கர் கணக்கில் அதிகம் பெறுகிறவர்கள் அவர்கள்தான் என்பதால் அந்தக் கேள்விக்குப் பொதுவெளியில் பெரிய அனுதாபம் கிடைக்கவில்லை. வாஷிங்டனில் கிடைத்தது.

2024 டிசம்பர் 21 அன்று நிறைவேறிய சட்டம் விவசாயிகளுக்கு ஏறத்தாழ 3,100 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் 1,000 கோடி, இயற்கைப் பேரிடருக்கே அல்ல. விளைபொருள் விலை விழுந்ததற்கும் இடுபொருள் விலை ஏறியதற்கும். அதற்குப் பயிர் நட்டம் காட்ட வேண்டியதில்லை என்பதால் அந்தப் பணம் முதலில் போனது. பேரிடர் நட்டத்துக்கான மனுக்கள் 2025 ஜூலை 10 அன்றுதான் தொடங்கின. பழையபடி காப்பீடு வைத்திருந்தவர்களுக்கு நிரப்பிய படிவம் தபாலில் வந்தது. கணக்கிட்ட தொகையில் முதல் தவணையாக 35 சதவீதம் தருவதாகச் சொன்னார்கள். காப்பீடு இல்லாதவர்கள் அடுத்த கட்டத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். 2023 கோடையில் பயிரை இழந்தவருக்கு அப்போது இரண்டு ஆண்டு ஆகியிருந்தது.